கடை கட்டும்போதே கேமராவுக்கும் ஒலிபெருக்கிக்கும் வழி வையுங்கள்



புதிதாகக் கடை கட்டுகிறவர்களும், பழைய கடையை இடித்துக் கட்டுகிறவர்களும் நம்மிடையே ஆண்டுதோறும் பலர் இருக்கிறார்கள். வாசல் எந்தத் திசை, கல்லா எங்கே வருவது, ஷட்டர் எத்தனை அடி, பரண் எவ்வளவு உயரம் என்பதிலெல்லாம் நாம் காட்டுகிற அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால் கண்காணிப்புக் கேமரா, ஒலிபெருக்கி, விலை காட்டும் டிவி, பில் போடும் கம்ப்யூட்டர் இவற்றின் வயர்கள் எந்த வழியாகப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கென்ன அண்ணாச்சி, கடை திறந்த பிறகு பார்த்துக்கிடலாம்" என்ற பதில்தான் வரும்.

பிறகு பார்ப்பது எப்படி முடிகிறது என்பதையும் நாம் பார்க்கிறோம். வர்ணம் அடித்துப் பால் காய்ச்சிய மறுமாதமே சுவரைக் கொத்துகிறார்கள். கொத்த மனம் வராதவர்கள் வயரை ஆணியில் கட்டித் துணிக்கொடி போலத் தொங்க விடுகிறார்கள். அது மூட்டை மேல் ஏறும் தொழிலாளியின் தோளில் சிக்குகிறது; எலி கடிக்கிறது; மழைக்காலத்தில் இணைப்பு விட்டுப் போகிறது. திருட்டு நடந்து பதிவைத் தேடும்போதுதான் கேமரா வேலை செய்யவில்லை என்பது தெரிகிறது.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். கருவியைப் பிறகு வாங்கிக் கொள்ளலாம். கருவிக்கான வழியையும், இடத்தையும், மின்சாரத்தையும் மட்டும் கட்டடத்தோடு சேர்த்தே அமைத்துவிட வேண்டும்.

கட்டடத்தின் ஆயுள் வேறு, கருவியின் ஆயுள் வேறு

நன்றாகக் கட்டிய கான்கிரீட் கட்டடம் 50 ஆண்டுகளாவது நிற்கும். கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும் ஆறேழு ஆண்டு உழைத்தால் நல்ல உழைப்பு. ஆக, ஒரே சுவர் தன் வாழ்நாளில் ஏழெட்டுத் தலைமுறைக் கருவிகளைப் பார்க்கப் போகிறது.

முதலில் வந்த கேமராக்களுக்கு டிவி ஆன்டெனா வயர் போன்ற கோஆக்சியல் வயர் ஒன்றும், மின்சாரத்துக்குத் தனி வயர் ஒன்றும் வேண்டியிருந்தன. பிறகு கம்ப்யூட்டர் வலையமைப்பு வயரிலேயே படமும் மின்சாரமும் சேர்ந்து செல்லும் முறை வந்தது. 2003ல் வகுக்கப்பட்ட தர விதிப்படி அந்த ஒரே வயரில் 15.4 வாட் வரை அனுப்பலாம். சாதாரணக் கேமராவுக்கு அது தாராளம். இந்த மாற்றம் வந்தபோது, சுவருக்குள் பைப் போட்டிருந்தவர்கள் பழைய வயரின் முனையில் புதிய வயரைக் கட்டி இழுத்துக்கொண்டார்கள். அரை நாளில் வேலை முடிந்தது. வயரை அப்படியே பூச்சுக்குள் புதைத்தவர்கள் மறுபடியும் உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டியதாயிற்று.

10 அடி பிவிசி பைப் ஒன்றின் விலை ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலியில் சிறு பங்குதான். பூச்சுக்கு முன் அது வெறும் பைப் செலவு. பூச்சுக்குப் பின் அதுவே கொத்துக்கூலி, பூச்சுக்கூலி, பெயிண்ட், கடை மூடிய நாட்களின் வியாபார நஷ்டம் என்று நான்கு செலவாகிவிடும்.

முதலில் காகிதத்தில் எழுதுங்கள்

முன்பக்கம் 20 அடி, உள்ளே 50 அடி உள்ள மளிகைக் கடை, அதன் பின்னே 30க்கு 40 அடியில் ஒரு கிட்டங்கி என்று வைத்துக் கொள்வோம். நம்மில் பலருடைய கட்டடம் இந்த அளவில்தான் இருக்கும். இன்ஜினியர் கொடுத்த வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து, அதில் நாமே குறிக்க வேண்டும்.

கடைக்குள் நான்கு கேமரா: வாசல், கல்லா, சரக்கு அடுக்கின் இரு சந்துகள். கிட்டங்கியில் நான்கு: லாரி நிற்கும் வாசல், எடை மேடை, உள்பாதை, பின் சந்து. ஆக எட்டு. இதற்கு மேல் காலியாக நான்கு இடங்களுக்கு வழி விடுங்கள். இன்று மிளகாய் மூட்டை அடுக்கும் இடத்தில் நாளை குளிர்பதனப் பெட்டி வரலாம். அப்போது கேமராவின் இடமும் மாறும்.

எங்கே வைப்பது என்பதிலும் யோசனை வேண்டும். கல்லாவுக்கான கேமராவைக் கூரையோடு ஒட்டி வைத்தால் எல்லோருடைய உச்சந்தலையும் தெரியும், முகம் தெரியாது. ஏழெட்டு அடி உயரமே முகம் காண ஏற்றது. மேற்குப் பார்த்த கடையில், உள்ளே இருந்து வாசலை நோக்கும் கேமராவுக்கு மாலை வெயில் நேராக அடித்து, வருகிறவர் கரிய நிழலாகத்தான் தெரிவார். அதைப் பக்கச் சுவரில் வைத்துச் சாய்வாகப் பார்க்கச் செய்ய வேண்டும். எடை மேடைக் கேமராவில் தராசின் எண்ணும், ஏற்றி இறக்குகிறவரும் ஒன்றாகத் தெரிந்தால் எடைத் தகராறு பாதி தீர்ந்த மாதிரி. கழிப்பறை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றின் பக்கம் எந்தக் கேமராவும் திரும்பக் கூடாது. 'இங்கே கேமரா உள்ளது' என்ற பலகையும் வாசலில் இருக்கட்டும்.

கல்லாவுக்கு மேல் விலை காட்டும் டிவிக்கு ஒரு இடம், பில் கம்ப்யூட்டருக்கு இரண்டு இடம், ஒலிபெருக்கி கடைக்குள் நான்கு, கிட்டங்கியில் இரண்டு. இவ்வளவையும் குறித்து, எல்லா வயரும் வந்து சேரும் ஒரு மையத்தையும் குறித்தால் வரைபடம் தயார்.

பைப் போடும் முறை

ஒவ்வொரு இடத்திலிருந்தும் மையத்துக்குத் தனி வழி வேண்டும். ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலி போல இழுத்தால், நடுவில் ஒன்று அறுந்தால் பின்னால் உள்ளவை எல்லாம் போகும்.

பைப்புக்குள் வயரை அடைக்கக் கூடாது. உட்பரப்பில் நூற்றுக்கு 40 பங்கு வரைதான் வயர், மற்றது காலி. முக்கால் இஞ்ச் பைப்பில் கேட் 6 வயர் இரண்டும், ஒரு இஞ்ச் பைப்பில் நான்கும் போட்டால் இழுப்பதற்குச் சிரமம் இராது. மையத்துக்கு அருகே பைப்புகள் கூடும் இடத்தில் இரண்டு இஞ்ச் பைப்பாக இரண்டு போட்டு, ஒன்றைக் காலியாகவே விட்டு வையுங்கள்.

திருப்பத்தில் குறுகிய எல்போ வைக்காமல் நீண்ட பெண்டு வைக்கச் சொல்லுங்கள். இரண்டு திருப்பத்துக்கு ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வேண்டும். அதன் மூடி கைக்கு எட்டும் இடத்தில், பூச்சுக்குள் மறையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு காலிப் பைப்பிலும் இழுப்புக் கம்பி ஒன்றை விட்டு, இரு முனைகளையும் அடைத்து வைக்க வேண்டும். அடைக்காத பைப்பில் சிமெண்ட் பால் இறங்கி இறுகிவிட்டால் பைப் போட்டும் பயனில்லை.

கேட் 6 வயரில் செய்தி செல்லக்கூடிய தூரம் 100 மீட்டர், அதாவது ஏறத்தாழ 328 அடி. நமது கடைகளுக்கு இது போதும். சாலைக்கு எதிர்ப்புறம் கிட்டங்கி உள்ளவர்கள், இரு கட்டடங்களுக்கும் இடையே செப்பு வயரை இழுக்க வேண்டாம். இடி இடித்தால் அந்த வயர் வழியே மின்பாய்ச்சல் வந்து இரு பக்கமும் உள்ள கருவிகளைக் கெடுக்கும். அங்கே உலோகக் கம்பி இல்லாத கண்ணாடி இழை வயர்தான் ஏற்றது. அது ஒளியைக் கடத்துமே தவிர மின்சாரத்தைக் கடத்தாது.

கான்கிரீட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தூணையும் உத்தரத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் பின்னால் துளைக்கவோ கொத்தவோ கூடாது. உள்ளே இருக்கும் கம்பி அறுந்தால் கட்டடத்தின் பலம் போகும். உத்தரத்தைத் தாண்டி வயர் போக வேண்டுமானால், கம்பி கட்டும்போதே இன்ஜினியரைக் கேட்டு, அவர் சொல்லும் இடத்தில் பைப் துண்டு வைத்துவிட வேண்டும். ஆகவே இந்த வரைபடம் பூச்சு வேலைக்கு முன் மட்டுமல்ல, சென்ட்ரிங் அடிக்கும் முன்பே தயாராக இருப்பது உத்தமம்.

மின்சார வயரோடு சேர்க்க வேண்டாம்

பைப் மிச்சம் என்று மின்சார வயர் போகும் பைப்பிலேயே கேமரா வயரையும் மைக் வயரையும் சில எலக்ட்ரீஷியன்கள் நுழைத்து விடுகிறார்கள். இதில் இரண்டு கேடு உண்டு. மின்சார வயரின் தோல் உரிந்தால் 230 வோல்ட் மெல்லிய வயருக்குத் தாவி, மைக்கைப் பிடித்தவரின் கைக்கே வந்துவிடும். இது உயிருக்கு ஆபத்து. அடுத்தது, நமது மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் திசை மாறி மாறி ஓடுவது. அந்த அதிர்வு பக்கத்து வயரில் ஏறி ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்ற இரைச்சலாகக் கேட்கும். மின்சாரப் பைப்புக்கும் செய்திப் பைப்புக்கும் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

மும்முனை இணைப்பு உள்ள கடைகளில், ஆம்ப்ளிபயர், டிவி, பதிவுப் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே முனையிலிருந்து மின்சாரம் கொடுத்து, ஒரே எர்த்தில் சேர்க்க வேண்டும். ஆளுக்கொரு எர்த் என்றால் அதனாலும் இரைச்சல் வரும். இரைச்சலை நிறுத்த எர்த் வயரையே கழற்றி விடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்று அந்த இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மெயினை அணைத்தால் கேமராவும் அணையும்

எங்கள் வட்டாரத்துக் கிட்டங்கி ஒன்றில் ஏலக்காய் மூட்டைகள் இரவில் களவு போயின. எட்டுக் கேமரா இருந்தும் அந்த இரவுக்குப் பதிவே இல்லை. காரணம் எளிது. இரவு கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் எல்லோருக்கும் உள்ள நல்ல பழக்கம். தீ விபத்துக்குப் பயந்து பெரியவர்கள் பழக்கியது. அங்கும் மெயினை அணைத்தார்கள். கேமராவும் சேர்ந்து அணைந்தது. பகலெல்லாம் விழித்திருந்த கேமரா இரவில்தான் தூங்கியது.

இதற்கு வழி, கட்டும்போதே மின்சாரப் பலகையை இரண்டாகப் பிரிப்பது. விளக்கு, மின்விசிறி, மாவு மிஷின் எல்லாம் ஒரு சுவிட்சில் அடங்கட்டும். அதை இரவில் அணைக்கலாம். கேமராவுக்கும் பதிவுப் பெட்டிக்கும் தனி எம்சிபி, தனி இணைப்பு. அது எப்போதும் இயங்கும். அதற்குப் பின்னால் ஒரு யுபிஎஸ்.

யுபிஎஸ் கணக்கையும் நாமே போடலாம். எட்டுக் கேமரா, பதிவுப் பெட்டி, வயர்களை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் சேர்ந்து சுமார் 80 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் உள்ளது 1,800 வாட் மணி. சேதாரமும் இருப்பும் போக 1,000 என்று வைத்தாலும் 12 மணி நேரம் ஓடும். ஓர் இரவு மின்வெட்டைத் தாங்க இது போதும். அந்தப் பேட்டரிக்குக் காற்றோட்டமான இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்குங்கள்.

எலி, தூசி, பூச்சி மருந்து

இவை மூன்றும் நமது தொழிலுக்கே உரியவை. துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் வயரிங் செய்து பழகிய ஆளுக்கு இது தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

எலி பிவிசி பைப்பையும் கடிக்கும், வயரையும் கடிக்கும். கிட்டங்கிக்குள் வெளியே தெரியும் பகுதிகளுக்கு ஜிஐ பைப் போடுங்கள். சுவரைத் துளைத்து வயர் செல்லும் இடத்தில் அரை இஞ்ச் சந்து இருந்தாலும் எலி நுழையும். சுண்டெலிக்குக் கால் இஞ்ச் போதும். அந்தச் சந்துகளைச் சிமெண்டால் அடைக்க வேண்டும்.

மிளகாய் வற்றல், மஞ்சள், மாவு இவற்றின் தூசி கருவிகளின் காற்றுத் துளையை அடைத்துச் சூட்டைக் கிளப்பும். உப்பும் வெல்லமும் ஈரத்தை இழுத்து இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். கிட்டங்கிக் கேமரா தூசியும் நீரும் புகாத ரகமாக இருக்க வேண்டும். பதிவுப் பெட்டி கிட்டங்கிக்குள் இருக்கவே கூடாது.

மூன்றாவது மிக முக்கியம். பருப்பு, அரிசி, கோதுமையில் வண்டு வராமல் இருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகையூட்டுகிறார்கள். அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு செம்பை அரிக்கும். வெள்ளியையும் விடாது. கருவிகளின் உள்ளே இருப்பதெல்லாம் செம்பும் வெள்ளிப் பற்றும்தானே? புகையூட்டும் கிட்டங்கியில் கேமராக்கள் காரணம் தெரியாமல் கெட்டுப்போவது இதனால்தான். ஆகவே கேமராவை நிரந்தரமாக முறுக்கி இணைக்காமல், கழற்றி மாட்டும் வகையில் சாக்கெட் வைத்தால், புகையூட்டும் முன் கழற்றி எடுத்துவிடலாம்.

கருவி போனால் வேறு வாங்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பாஸ்பின் மனிதரைக் கொல்லும் வாயு. கிட்டங்கியிலிருந்து கடைக்கும், மாடியில் உள்ள வீட்டுக்கும் நாம் போடும் பைப் வயருக்கு மட்டும் வழியல்ல, அந்த வாயுவுக்கும் வழியாகிவிடும். கீழே கிட்டங்கி, மேலே குடும்பம் என்று இருப்பவர்கள் நம்மில் ஏராளம். கிட்டங்கியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம் என்று நிம்மதியாக மாடியில் படுத்திருக்கும்போது, சுவருக்குள் இருக்கும் ஒரு இஞ்ச் பைப் வழியே வாயு மேலே ஏறலாம். ஆகவே கிட்டங்கிக்கான பைப் எதையும் மாடி வீட்டு வழியாகக் கொண்டு போகாதீர்கள். கிட்டங்கியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பைப்பின் வாயையும், வயர் இழுத்த பிறகு, இரு முனையிலும் காற்றுப் புகாத பசை கொண்டு அடைக்க வேண்டும். தீப்பிடித்தால் புகை பரவாமல் தடுக்கவும் இது உதவும். புகையூட்டும் வேலையை உரிமம் பெற்றவர்களைக் கொண்டே செய்ய வேண்டும். பைப் எங்கெங்கே போகிறது என்பதையும் அவர்களிடம் காட்ட வேண்டும்.

பதிவுப் பெட்டிக்கு ஓர் அறை

பதிவுப் பெட்டியைக் கல்லா மேஜைக்கு அடியில் வைப்பது நம் வழக்கம். திருட வருகிறவன் கல்லாவைத்தான் முதலில் தேடுவான். போகும்போது பெட்டியையும் எடுத்துப் போவான். பூட்டும் வசதியுள்ள சிறு அறையோ, மூன்றடி அகல அலமாரியோ தனியாகக் கட்டுங்கள். கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்றுத் துளை வேண்டும். கழிப்பறைச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நான்கு ப்ளக் பாயிண்ட் போதாது, எட்டாக வையுங்கள்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் நாளொன்றுக்கு 43 ஜிபி ஆகும். எட்டுக் கேமராவுக்கு ஏறத்தாழ 345 ஜிபி. 30 நாளுக்கு 10 டிபிக்கு மேல் வரும். இரண்டு டிபி வாங்கி வைத்தால் ஆறு நாள்கூட நிற்காது. சரக்குக் குறைவு நமக்குத் தெரிய வருவது மாதக் கடைசி இருப்புக் கணக்கில். அப்போது ஆறு நாள் பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதிவு நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் வெறும் படம் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுடன் உரிய சான்றிதழ் கொடுக்க வேண்டும். முன்பு 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்த ஏற்பாடுதான் இது. கருவி யார் பொறுப்பில் இருந்தது, ஒழுங்காக இயங்கியதா என்ற கேள்விகள் அதில் வரும். பூட்டிய அறை, தடையற்ற மின்சாரம், சரியான கடிகார நேரம் இவை இருந்தால் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

கடைக்குள் ஒலிபெருக்கி

டோக்கன் எண் கூப்பிடவும், கிட்டங்கி ஆட்களுக்குச் சரக்குச் சொல்லவும் ஒலிபெருக்கி இன்று பல கடைகளில் வந்துவிட்டது. வீட்டுப் பாட்டுப் பெட்டியின் 8 ஓம் ஒலிபெருக்கிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினால், தூரம் கூடக்கூட ஓசை வயரிலேயே தேய்ந்துவிடும், ஆம்ப்ளிபயரும் எரியும். இதற்கென உள்ளது 100 வோல்ட் லைன் முறை. மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பி ஊருக்குள் டிரான்ஸ்பார்மரில் குறைப்பது போல, ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கும். கணக்கும் சுலபம்: 6 வாட் ஒலிபெருக்கி பத்து இருந்தால் 60 வாட். ஆம்ப்ளிபயர் 80 வாட்டுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். 100 வோல்ட் என்பதால் இந்த வயரின் இணைப்புகளைத் திறந்து வைக்கக் கூடாது. தனிப் பைப்பிலேயே போட வேண்டும்.

பெரிய ஒலிபெருக்கி இரண்டைவிடச் சிறியவை ஆறு மேல். எல்லா இடத்திலும் ஒரே அளவில், மெதுவாகவே தெளிவாகக் கேட்கும். வெளியே தெருவை நோக்கி வைப்பவர்கள் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை மறக்க வேண்டாம். திறந்த வெளி ஒலிபெருக்கிக்கு அனுமதி தேவை. வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 55 டெசிபல் என்பது அளவு.

சங்க மண்டபம் கட்டுவோர் கவனத்துக்கு

பல ஊர்களில் நமது சங்கங்கள் சொந்தக் கட்டடம் கட்டி, மாடியில் கூட்ட மண்டபம் அமைக்கின்றன. உறுப்பினர்கள் சந்தா கொடுத்துக் கட்டும் மண்டபத்தில் பேச்சு மட்டும் புரிவதில்லை. 'மைக் சரியில்லை' என்று மைக்கை மாற்றுகிறார்கள். குறை மைக்கில் இல்லை, சுவரில்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895ல் ஒரு புதிய விரிவுரை மண்டபத்தில் இதே குறை ஏற்பட்டது. வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, ஓசை அடங்க எத்தனை நொடியாகிறது என்று அளந்து, அதற்கொரு கணக்கை வகுத்தார். மண்டபத்தின் கொள்ளளவு கூடினால் எதிரொலி நீளும். ஓசையை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். இதுவே அதன் சாரம்.

நமது மண்டபத்துக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். 60 அடி நீளம், 40 அடி அகலம், 14 அடி உயரம். கொள்ளளவு 33,600 கன அடி. டைல்ஸ் தரையும் சிமெண்ட் பூச்சும் தம்மேல் படும் ஓசையில் நூற்றுக்கு 2 பங்கையே உறிஞ்சும். காலி மண்டபத்தை அடைத்து வைத்தால், ஓசை அடங்கச் சுமார் 10 நொடி என்று கணக்கு வருகிறது. நாற்காலி, திறந்த சன்னல், ஆட்கள் இருந்தால் இது வெகுவாகக் குறையும். 200 பேர் அமர்ந்தால் ஒன்றரை நொடிக்கு வந்துவிடும். ஆனால் 40 பேர் வரும் செயற்குழுவில் பேச்சு எதிரொலியில் கரையும். மேற்கூரை முழுவதும், நூற்றுக்கு 60 பங்கு உறிஞ்சும் பலகை பதித்தால், காலி மண்டபத்திலேயே ஒரு நொடிக்கு இறங்கிவிடும். பேச்சுக்கு அதுவே ஏற்ற அளவு. ஆகவே மண்டபத்தின் மதிப்பீட்டில் மேற்கூரைப் பலகைக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். மைக்கும் ஆம்ப்ளிபயரும் பிறகு.

ஒலிபெருக்கிகள் மைக்குக்கு முன்னால், சபையை நோக்கி இருக்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் இருந்தால் ஊளையிடும். மேடைத் தரையில் மைக் இணைப்புப் பெட்டி ஒன்று. அங்கிருந்து மண்டபத்தின் பின்பகுதியில் ஒலி அமைப்பாளர் அமரும் இடத்துக்கு இரண்டு இஞ்ச் பைப். அவரைத் தனி அறையில் அடைத்தால் சபைக்கு என்ன கேட்கிறது என்று அவருக்குத் தெரியாது. புரொஜெக்டருக்குக் கூரையில் பலமான கொக்கியும், ப்ளக் பாயிண்டும், மேடைக்கு இரண்டு இஞ்ச் பைப்பும் வேண்டும். எச்டிஎம்ஐ வயரின் முனை அகலமானது. முக்கால் இஞ்ச் பைப்பில் நுழையாது.

வாடகைக் கடைக்காரர்களுக்கு

சொந்தக் கட்டடம் இல்லாதவர்கள் சுவரைக் கொத்த வேண்டியதில்லை. சுவரின் மேல் மூடியுடன் கூடிய பிவிசி கேசிங் பட்டையைக் கூரை ஓரமாக ஓட்டலாம். காலி செய்யும்போது கழற்றிக் கொண்டு போகலாம். மின்சாரத்துக்கு ஒரு பட்டை, செய்திக்கு ஒரு பட்டை என்ற விதி மட்டும் அங்கும் மாறாது. மெயினுக்குத் தனி எம்சிபி வைக்கக் கட்டட உரிமையாளரிடம் முன்பே சம்மதம் வாங்கிக் கொள்ளுங்கள்.

கொத்தனார் போவதற்குள்

பூச்சு வேலை தொடங்கும் முந்தைய நாள், கடைக்காரர் தாமே போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைப் பிடித்து, பைப் தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் வயரைக் காப்பாற்றும். ஒவ்வொரு பைப்பிலும் கம்பி இழுபடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். வயர் போட்ட பிறகு இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண் பட்டியலின் நகல் ஒன்று பதிவு அறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கட்டும். இவ்வளவும் முடிந்த பிறகே எலக்ட்ரீஷியனின் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

சரக்கு வாங்கும்போது எடையைச் சரிபார்த்த பிறகுதானே நாம் பணம் எண்ணுகிறோம்? கட்டடத்துக்கும் அதுவே முறை.